இரண்டாம் வகுப்பு பெயர் வைத்த புயல்

வலங்கைமான்,
செப்டம்பர் 12

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். பெயரை எழுதக் கை வரவில்லை, மன்னிக்கவும். நிச்சயதார்த்தம் முடிந்து சிங்கப்பூர் போனதிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டீர்கள். நான்கு முறையும் நான் “ம்” என்பதற்கு மேல் பேசவில்லை. “லைன்ல இருக்கியா, இல்ல வச்சிட்டியா?” என்று நீங்கள் கேட்டது பக்கத்தில் இருந்த அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. எழுதினால் எனக்கு வரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தற்காலிக ஆசிரியர் வேலைதான் என்றாலும், இரண்டாம் வகுப்பின் பதினெட்டுப் பிள்ளைகளும் என்னை நிரந்தரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தை மாதக் கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட வேண்டும், அதுதான் உங்கள் அம்மாவின் விருப்பம் என்று, விடைபெற எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சொன்னீர்கள். அப்பா தலையாட்டினார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதைப் பற்றி எழுத இன்னும் தைரியம் வரவில்லை. பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த மாதம் வானிலைப் பாடம். புத்தகத்தில் வெயில், மழை, காற்று என்று படங்கள் மட்டும் இருந்தன. படத்தைக் காட்டி வெயிலைச் சொல்லித்தர எனக்கு மனம் வரவில்லை. பள்ளி வாசலில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, குட்டையைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன். ஒவ்வொரு மணி அடித்ததும் ஓடிப்போய் புதுக் கோடு. மூன்றாவது கோட்டில் வானதி கத்தினாள்: “டீச்சர், குட்ட மெலிஞ்சு போச்சு!” பகலவன் குனிந்து தரையை முகர்ந்து பார்த்துவிட்டு, “வெயிலு குடிச்சிருச்சு” என்றான். நான் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பிரகதீஸ்வரி

சிங்கப்பூர்,
செப்டம்பர் 25

அன்புள்ள பிரகதீஸ்வரிக்கு,

நலம். உன் கடிதம் வந்த அன்று அறையில் இருந்த எல்லோருக்கும் குட்டை மெலிந்த கதையைப் படித்துக் காட்டினேன். அறைத் தோழர் அப்துல் ஜலீல் பாய், “மாப்ள, போன்ல ஊமன்னு சொன்னியே, இந்தப் பொண்ணா இது?” என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

உன் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. நாங்கள் கட்டடம் கட்டும் இடத்தில் மின்னல் எச்சரிக்கைச் சங்கு இருக்கிறது. தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சங்கு ஊதினால் எல்லோரும் வேலையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும். மின்னல் தூரத்தில் இருக்கும்போதே கருவி கண்டுபிடித்துவிடும். பகலவனிடம் சொல், அவன் நம்புகிறானா பார்ப்போம்.

நீ வகுப்பில் பேசுவதை ஒரு நாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்க வேண்டும் போலிருக்கிறது.

அன்புடன்,
மதிவாணன்

வலங்கைமான்,
அக்டோபர் 10

அன்புள்ள உங்களுக்கு,

பகலவன் நம்பவில்லை. “மாமா வேல செய்யாம இருக்க சாக்கு சொல்றாரு” என்கிறான்.

காலாண்டு விடுமுறை முடிந்து இந்த வாரம் மழைமானி செய்தோம். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்து, பக்கத்தில் காகித அளவுகோல் ஒட்டினோம். முதல் நாளே நாற்பது மில்லிமீட்டர் காட்டியது. நான் பெருமையோடு தலைமை ஆசிரியர் விஜயம் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர், “ஓட்டுத் தண்ணி விழுற எடத்துல வச்சிருக்கீங்களேம்மா” என்றார். இப்போது மைதானத்தின் நடுவில் இருக்கிறது.

நேற்று நடந்ததை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். இரண்டு பாட்டில்களை வாயோடு வாய் ஒட்டி, தண்ணீர் ஊற்றிச் சுழற்றினால் உள்ளே புயல் மாதிரி சுழலும். அதைச் செய்து காட்டினேன். புயலுக்குப் பெயர் வைப்பார்கள் என்று சொன்னதும், நாங்களும் வைக்கிறோம் என்று ஒரே கூச்சல். ஓட்டெடுப்பு நடந்தது. பதினான்கு ஓட்டு வாங்கி ஜெயித்த பெயர், “மதிவாணன் மாமா.” எல்லோரும் சுற்றி நின்று கைதட்டி, “மதிவாணன் மாமா வர்றாரு, எல்லாம் ஓடுங்க!” என்று கத்தினார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நீங்களும் சிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பிரகதீஸ்வரி

வலங்கைமான்,
நவம்பர் 3

அன்புள்ள உங்களுக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. போனில் “வேல ஜாஸ்தி” என்று மட்டும் சொன்னீர்கள். நேற்று அப்பா பேச்சுவாக்கில், “கஜா புயல்ல பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னை மிஞ்சலயாமே, சம்பந்தி தோப்பும் அப்பிடித்தான் போச்சாம்” என்றார். கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் புயலில் எங்கள் பக்கம் கூரை போனது, வாழை சாய்ந்தது. நெல் வயல்காரர்களாகிய நாங்கள் அடுத்த போகத்தில் எழுந்துவிட்டோம். ஒரு தென்னை காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. உங்கள் ஊர் பேராவூரணி என்று தெரிந்தும் யோசிக்கவில்லை. உங்கள் பெயரைப் புயலுக்கு வைத்துக் கைதட்டி, அதைச் சிரிப்பு என்று எழுதியும் அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் மேல் தப்பில்லை. என் மேல்தான்.

பிரகதீஸ்வரி

சிங்கப்பூர்,
நவம்பர் 10

அன்புள்ள பிரகதீஸ்வரிக்கு,

கோபம் இல்லை. முதல் நாள் இருந்தது. பிறகு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நூற்று நாற்பது மரத்தில் பதினொன்று நின்றது. அப்பா அதற்குப் பிறகு தோப்புக்குப் போகவே இல்லை. இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார். நான் இங்கே வந்ததும் அதனால்தான். இதை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

உன் பிள்ளைகள் கைதட்டியதில் தப்பில்லை. பாட்டிலுக்குள் பார்த்தால் எனக்கும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே எழுதியிருக்கிறேன், படித்துக் காட்டு.

“இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே, உங்கள் பாட்டிலில் சுழலுக்கு நடுவே ஒரு ஓட்டை தெரியும், பார்த்தீர்களா? அங்கே தண்ணீர் இல்லை. பெரிய புயலுக்கும் அப்படி ஒரு நடு உண்டு. அது எங்கள் வீட்டுக்கு மேலே வந்தபோது காற்று சட்டென்று நின்றுவிட்டது. விடியற்காலை. ஒரு இலைகூட ஆடவில்லை. புயல் முடிந்தது என்று நினைத்து அப்பாவும் நானும் மரங்களைப் பார்க்க வெளியே போனோம். அம்மா ஓடிவந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தார். ‘உள்ள வாங்க, இது அடங்குன காத்து இல்ல’ என்று கத்தினார். நாங்கள் உள்ளே வந்து கதவைச் சாத்தவும், எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. நாங்கள் நின்றிருந்த இடத்தில் மூன்று மரங்கள் விழுந்தன. ஆகவே காற்று நின்றால் கைதட்டாதீர்கள். உள்ளேயே இருங்கள். இப்படிக்கு, உங்கள் புயல் மாமா.”

பெயரை மாற்ற வேண்டாம். இருக்கட்டும்.

மதிவாணன்

வலங்கைமான்,
டிசம்பர் 1

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். இவ்வளவு பெரிய விஷயத்தை ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி, பயப்படாதபடி சொல்ல எனக்கு வராது. படித்து முடித்ததும் பகலவன் எழுந்து, “மாமா, சங்கு ஊதுறத இப்ப நா நம்புறேன்னு எழுதுங்க டீச்சர்” என்றான். எல்லோரும் பாட்டிலை மறுபடி சுழற்றி நடுவில் இருக்கும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் இங்கே புயல் எச்சரிக்கை, இரண்டு நாள் விடுமுறை. காற்று பெரிதாக இல்லை, மழைதான். பள்ளி திறந்ததும் வானதியின் அப்பா வந்து நின்றார். “டீச்சர், மழ விட்டுச்சேன்னு மாட்டப் பாக்கக் கெளம்புனா, எம்பொண்ணு கதவுல குறுக்கப் படுத்துக்கிட்டு விடமாட்டேங்குறா. அடங்குன காத்து இல்லயாம்! மத்தியானம் வரைக்கும் மாடு கத்துது, நா உள்ள, இவ கதவுல. எவனோ புயல் மாமான்னு வேற சொல்றா. யாருங்க அந்தாளு?” அவர் திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. போகும்போது, “ஆனா நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க” என்றார்.

அன்று மாலையே தைரியம் வந்தது. எழுதிவிடுகிறேன். எனக்கு வேலையை விட மனமில்லை. வீட்டில் நான் வாய் திறக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது சம்மதம் இல்லை, பயம். வேலையை விட்டால்தான் கல்யாணம் என்றால், எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் இப்போது உங்களை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிரகதீஸ்வரி

சிங்கப்பூர்,
டிசம்பர் 12

அன்புள்ள பிரகதீஸ்வரிக்கு,

உன் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

நீ உண்மையை எழுதினாய். நானும் எழுதுகிறேன். வேலையை விட வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம் இல்லை. அம்மா அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் அம்மா வீட்டில் தனியாக இருப்பாரே, காற்றடித்தால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமே என்று நானாக முடிவு செய்தேன். என் பெயரில் கேட்க வெட்கமாக இருந்தது. அம்மா பெயரில் சொன்னேன்.

நேற்று அம்மாவுக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன்.

“ஏன்டா, எம்பேரச் சொல்லியா அந்தப் புள்ளய வேலய விடச் சொன்ன?”

“காத்தடிச்சா நீ பயப்படுவியேன்னுதாம்மா.”

“பயப்புடுறது நீ. சிங்கப்பூர்ல இருந்துகிட்டு நாலு தடவ போன் பண்ணி மேகத்த எட்டிப் பாக்கச் சொல்றவன் யாரு? எனக்குத் தொணைக்கு ஆளு வேணும்னா நா கேட்டுக்க மாட்டனா? அவ புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கட்டும். சனி ஞாயிறு பஸ் ஏறி வந்தா போதும். வராட்டியும் நா போய்ப் பாப்பேன்.”

பிறகு போனை வைத்துவிட்டார்.

வேலையை விட வேண்டாம். அதை நான் சொல்லி நீ செய்ய வேண்டியதும் இல்லை. பொய் சொன்னவனைக் கட்டிக்கொள்ள உனக்கு இஷ்டமா என்பது மட்டும்தான் இனி கேள்வி. எந்தப் பதிலாக இருந்தாலும் எழுது.

மதிவாணன்

வலங்கைமான்,
டிசம்பர் 22

அன்புள்ள உங்களுக்கு,

கோபம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாளும் கொஞ்சம் இருந்தது. உங்களால் மூன்று மாதமாக அத்தையை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நேற்று நானே அவர்களுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “மனசுல திட்டுனது எனக்கு எப்பிடிடீ தெரியும்? சொல்லாம இருந்திருக்கலாம்ல?” என்றார்கள். அரை மணி நேரம் பேசினோம். நான்தான் நிறையப் பேசினேன் என்று அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனிமேல் யார் பெயரிலும் பேசாதீர்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். அதைச் சொல்லக்கூடிய ஆள் என்றுதான் அந்தக் கடிதத்தைப் படித்தபோது நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்று விஜயம் டீச்சரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். கல்யாணம் என்றதும் ராஜினாமா என்று நினைத்து முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார்: “எனது திருமணத்தை முன்னிட்டுப் பத்து நாட்கள் விடுப்பு தருமாறு வேண்டுகிறேன். பதினோராம் நாள் காலை வகுப்புக்குத் திரும்புவேன்.”

இப்படிக்கு,
உங்கள்
பிரகதீஸ்வரி