செத்தவளுக்குக் கல்யாணம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா ஒழுங்கா மாத்திரை போடறாரா? நான் நல்லாத்தான் இருக்கேன், டைரக்டர்தான் உயிரை வாங்கறார்.

நீ படிச்சுப் படிச்சு அழுவியே, அந்தப் பழைய நாவலைத்தான் சீரியலா எடுக்கறாங்க. கதாநாயகி சாகற கட்டத்துக்கு ராப்பகலா உக்காந்து மெட்டுப் போட்டேன். கேட்டுட்டு, "அவ சாகலை சார், கல்யாணம் பண்ணி வெச்சுட்டோம். இதையே கொஞ்சம் வேகமா வாசிச்சிடுங்க"ங்கறார். நாவலைப் படிச்சீங்களான்னு கேட்டேன். கதைச்சுருக்கம் படிச்சாராம். தலையில அடிச்சுக்கிட்டு வேகமா வாசிச்சேன். எல்லாரும் கைதட்டினாங்க. நீ கவலைப்படாதே.

ஒரு சின்ன உதவி. அவ சாகற அத்தியாயத்தைச் சத்தமா வாசிச்சு, போன்ல பதிஞ்சு அனுப்பு. இங்க அதைப் படிச்சவங்க ஒருத்தரும் இல்லை. வயலின்காரங்க வந்துட்டாங்க, போகணும். வாசிக்கும்போது அப்பா குறுக்க பேசினா அதட்டாதே. அதுவும் பதிவாகட்டும்.

உன் மகன்