றமீரோ போன வீடு

கொலோன், 8 மார்ச் 2005

முதியோர் இல்லச் சமையலறையில் பதினொரு வருடமாக என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு சீவும் றமீரோ, மலைக்காட்டில் ஆயிரம் பேரை நடத்திய கெரில்லாத் தளபதியாம்! இன்றுதான் வாய் திறந்தார். அவருடைய தென்னமெரிக்க நாட்டில் பொது மன்னிப்பு வந்துவிட்டது. பழைய இயக்கம் இப்போது கட்சி. செனட்டுக்கு நிற்கக் கூப்பிடுகிறது. "செனட்டர் இவ்வளவு தடிப்பாய்த் தோல் சீவக் கூடாது" என்று பகிடி விட்டேன். மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

11 மார்ச்

இன்று மிச்சத்தையும் சொன்னார். இராணுவத்துக்குத் தகவல் கொடுத்ததாக ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைச் சுடச் சொன்னாராம். கொடுத்தது வேறு ஆள் என்று பிறகுதான் தெரிந்ததாம்.

கத்தியை வைத்துவிட்டுக் குளிரறைக்குள் போய் நின்றேன். என் தம்பி றொபேட்டையும் எங்கட இயக்கம் இப்படித்தானே — எண்பத்தாறில், ஊரில், "துரோகி" என்று மட்டையில் எழுதிக் கழுத்தில் கட்டி. அவன் ஆருக்கு என்னத்தைச் சொன்னவன்?

14 மார்ச்

றமீரோவோடு கதைக்கவில்லை.

22 மார்ச்

இடைவேளையில் வந்து நின்றார். "நான் என்ன செய்ய, யோசப்பின்?" வந்த கோபத்தில் பாதி ஜெர்மன், பாதி தமிழ் எனக்கு.

பகையாளி செத்தாலும் செத்த வீட்டுக்குப் போகிறவர்கள் நாங்கள். றொபேட்டுக்கு ஒரு சனம் வரவில்லை. பயம். ஆளில்லாமல் பெட்டியின் ஒரு பக்கத்தை நான்தான் தூக்கினேன். அதைச் சொன்னேன். "வோட்டுக் கேக்க முதல் அந்த வாத்தியார் வீட்டுக்குப் போங்கோ. அவர் துரோகி இல்லையெண்டு ஊர் கேக்கச் சொல்லுங்கோ."

தலையை ஆட்டினார். பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு ஏன் பாவம் வருகிறது?

2 ஜூன்

றமீரோ தன் நாட்டுக்குப் போய்விட்டார்.

16 அக்டோபர்

தொலைபேசியில் றமீரோ! வாத்தியாரின் மனைவி மூன்று தரம் கதவைச் சாத்தினாராம். நாலாம் தரம் அவர் உட்கார வாசலில் ஒரு கதிரை போட்டாராம். பிறகு றமீரோ சந்தைவெளியில் கூட்டம் போட்டு, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கட்சி செனட் பட்டியலில் அவர் பெயரை வெட்டிவிட்டது. தனியாக ஊர்ச் சபைக்கு நின்று, ஆகக் கடைசி ஆளாகத் தெரிவாகியிருக்கிறார். இனித் தண்ணீர்க் குழாயும் தெரு விளக்கும்தான் வேலை என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன்.

30 அக்டோபர், ஞாயிறு

தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. ஆன்மாக்கள் திருநாள் செபத்துக்காக இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார் அக்கினேஸ் அக்கா, எங்கள் ஊர்க்காரி. பத்தொன்பது வருடமாக எங்கும் கொடுக்காத பெயரைக் கொடுத்தேன்.

"இது..." பேனை நின்றது.

"ஓம், என்ர தம்பிதான். துரோகியெண்டு சுட்டவை. அவன் துரோகி இல்லை அக்கா." சத்தமாகவே சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா எழுதினார். எழுதி முடித்து, நிமிராமலே சொன்னார்: "அண்டைக்குச் செத்த வீட்டுக்கு நாங்களும் வரேல்லைப் பிள்ளை."