துளைமூடியை இறுக்கியவனுக்கு

எழுத வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பாதியில் பயந்து நிறுத்திவிடுவேன்.

1. இன்று தபாலில் வந்த மலர்.
2. பழுதான விசிறி.
3. உன் முன்கோபம் உன் வேலையைப் பறித்தது.

ஜொகூரில், தம்போயில் இருக்கும் நம் தொழிற்சாலையின் ஆண்டு நிறைவு மலர் அது. பன்னிரண்டாம் பக்கத்தில் நீ காத்த பாய்லரின் புகைபோக்கி. கீழே மூன்று மொழிகளில், 'தூய காற்றே எங்கள் பெருமை'. பக்கத்திலேயே என் பழைய புகை அளவு அறிக்கையின் படம். என் கையெழுத்து நன்றாகவே தெரிகிறது. மலரை மேசையில் ஓங்கி அறைந்தேன். இந்த வயதுவரை நான் எதையும் அப்படி அறைந்ததில்லை.

விசிறிக்கு வருகிறேன். புகையில் ஒரு பங்கைத் திரும்ப நெருப்புக்குள் தள்ளும் விசிறி. அது ஓடினால் தீயின் சூடு தணியும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும். அன்று அது நின்று மாதக்கணக்காகியும் மேனேஜர் பழுதுபார்க்கவில்லை. கரும்புகை தெரியவில்லை, அவருக்கு அது போதும்.

"கறுப்பா வந்தாதான் புகையா சார்? வெள்ளைச் சட்டை போட்டவனெல்லாம் நல்லவனா?" என்றாய். நான் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தேன்.

தொழிற்சாலைப் புகையை அளந்து அறிக்கை எழுதுவது என் வேலை. அளக்க வேண்டிய நாள் வந்தது. கருவியை நுழைக்கும் துளையின் மூடியைத் தளர்த்தச் சொன்னார் மேனேஜர். வெளிக்காற்று கலந்தால் அளவு குறைவாகக் காட்டும். நீ மறுத்தாய். அவரே ஏறித் தளர்த்தினார். நான் முதல் எண்ணைக் குறித்தேன். அவர் இறங்கியதும் நீ ஏறி, ஸ்பேனரால் இறுக்கினாய். எண் எகிறியது.

"இது என்ன உங்கப்பன் வீட்டு பாய்லராய்யா?" என்று கத்தினார்.

"இல்லங்க. ஆனா வேலிக்கு அந்தாண்ட ஃபிளாட்ல என் பேத்தி மூச்சு விடுறா லா." பிறகு என் பக்கம் திரும்பினாய். "நீங்க படிச்சவரு. சொல்லுங்க சார், எந்த நம்பரு சரி?"

நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிக்கையில் முதல் எண்ணை எழுதினேன். ஆக்சிஜன் அளவை வைத்து, கலந்த காற்றைக் கணக்கில் சரிசெய்ய ஒரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விட்டேன். என் உத்தியோகத்தில் நான் நிரப்பாத ஒரே கட்டம். மறுநாள் உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

போன மாதம் உன் சாவு வீட்டில், "கோபக்காரரு, வாயாலதான் கெட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையை என்ன செய்வது?

இரண்டு எண்களும் என் பழைய குறிப்பேட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாக அதைத் தூக்கிப்போட எனக்குத் துணிவில்லை, காட்டவும் துணிவில்லை. இன்று அந்தப் பக்கத்தை நகலெடுத்து, மலரில் இருந்த அறிக்கையின் வெற்றுக் கட்டத்தையும் நிரப்பி, இரண்டையும் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டேன். மலர் போட்டவர்கள் படிக்கட்டும்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அன்று நீ குரலை உயர்த்தவே இல்லை. ஒரு கேள்வி கேட்டாய், அவ்வளவுதான். நான் பதில் சொல்லியிருந்தால் ஒருவேளை இருவரையுமே அனுப்பியிருப்பார்கள். ஆனால் அந்தத் தொழிற்சாலை வாசலை நீ தனியாகத் தாண்டியிருக்க மாட்டாய்.