காயாத சட்டைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் ஊருக்கு வரும் எங்கள் ஓட்டல் சமையற்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. எண்ணெய்க் கப்பல்கள் போகும் கடல்வழி பற்றி, பத்து நாளாக எங்கள் ஓட்டலில் இரண்டு நாட்டு அதிகாரிகள் பேசுகிறார்கள். அவர்கள் சட்டையெல்லாம் என் சலவை அறைக்குத்தான் வரும். பேச்சு சுமுகம் என்று இன்று காலையும் டிவியில் சொன்னார்கள். சற்று நேரத்தில் ஒரு தரப்பின் உதவியாளர் ஓடிவந்தார்.

"எங்க துணியெல்லாம் குடுங்க."

"இன்னும் காயலையே சார்."

"பரவால்ல, ஈரமாவே குடுங்க."

பையில் திணித்துக்கொண்டு போய்விட்டார். "வெளியில மூச்சு விட்றாத" என்கிறார் மேனேஜர். சுமுகமாகப் பேசுகிறவர்கள் ஈரத் துணியையா மூட்டை கட்டுவார்கள்? எங்கள் தங்குமிடம் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பின்னால்தான். உன்னிடம் சொன்னதில்லை.

கப்பல்கள் நின்றால் அங்கேயும் தட்டுப்பாடு வரும்; கேஸ் சிலிண்டர் ஒன்று கூடுதலாக வாங்கி வை. உன் குரலை இரண்டு நிமிஷம் பதிவு செய்து அனுப்பு. அப்பாவைத் திட்டுவதாக இருந்தாலும் சரி.

கடிதத்துக்காகச் சமையற்காரர் வாசலில் கூப்பிடுகிறார். கொடியில் கிடந்த என் சட்டையை நானும் ஈரத்தோடு எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

உன் மகன்