பன்னிரண்டு தசம் ஒன்று

கிரவீன், சிட்னி
14 ஒக்டோபர் 2025

அன்பு மகள் மிருணாளினிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நானும் பெரியம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதப் போனால் என் முழங்காலும் அவளுடைய கண்ணும் சம்மதிக்காது.

இந்தக் கடிதத்தை நீயே வாசிக்க வேண்டும். லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளை நீ. மெல்ல வாசித்தால் முடியும். அதற்காகவே எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன். அப்பாவிடம் கொடுத்து வாசிப்பிக்காதே.

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தரம் கேட்டோம். முப்பத்தொரு வயதில் ஓட்டத்தை விடுகிறாய். அடுத்த மாதம் உன் கழகத்தில் பிரியாவிடை. அங்கே உன் பதக்கங்களை வைக்கிற மேசையில், அஞ்சலோட்டப் பதக்கத்துக்குப் பக்கத்தில், என் நிறுத்தற் கடிகாரத்தை வைக்க வேண்டும் என்கிறாய். எல்லாம் அதிலேதான் தொடங்கியது என்கிறாய். கடிகாரத்தை இத்துடன் அனுப்புகிறேன். ஆனால் அது மேசைக்கு ஏறுமுன் நீ அறிய வேண்டியது ஒன்று இருக்கிறது. இதற்குள் நாலு தாள் கிழித்துவிட்டேன். எழுதுறதெண்டா எழுதுங்கோ, கொப்பியை முடிக்காதேங்கோ என்று பெரியம்மா குசினிக்குள் இருந்து சொல்கிறாள்.

அப்போது உனக்குப் பதினான்கு வயது. டிசம்பர் விடுமுறைக்குச் சிட்னிக்கு வந்திருந்தீர்கள். தமிழ்ச் சங்க விளையாட்டுப் போட்டியில் நூறு மீற்றர் ஓடினாய். முடிவுக் கோட்டில் நேரம் எடுத்தவன் நான். ஓட்டத்தைத் தொடக்குபவர் இரண்டு பலகைகளைச் சேர்த்து அடிப்பார். பலகைகள் சேர்வதைக் கண்ணால் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும், சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது. நூறு மீற்றரைக் கடக்க ஒலிக்குக் கிட்டத்தட்ட தசம் மூன்று செக்கன் பிடிக்கும். முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவனுக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை.

அன்று வெயில். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் பெரிய குடையை விரித்துக்கொண்டு நின்றது. தொடக்குபவரின் கை தெரியவில்லை. கொஞ்சம் விலகுங்கோ என்று கேட்கக் கூச்சப்பட்டேன். சத்தம் கேட்டுத்தான் அழுத்தினேன். 12.1 என்று காட்டியது; உண்மையில் அது 12.4 ஆக இருந்திருக்க வேண்டும். வாய் திறப்பதற்குள் உன் அப்பா என் கையிலிருந்து கடிகாரத்தைப் பறித்து எல்லோருக்கும் காட்டினான். அண்ணை எடுத்த நேரம் பிழைக்காது, அந்த மனுசன் வீட்டில முட்டை அவிக்கிறதுக்கும் நேரம் பிடிக்கிறவர் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மே மாதம் லண்டனில் மின்னணுக் கருவி 12.44 என்று காட்டியது. கருவி சரி. நீ டிசம்பரிலும் அவ்வளவுதான் ஓடியிருப்பாய். ஆனால் நீயும் அப்பாவும் நினைத்தது வேறு: குளிர்காலம் முழுக்கப் பயிற்சி செய்தும் வேகம் குறைந்துவிட்டது என்று. நீ அழுததாக அப்பா ரெலிபோனில் சொன்னான். இன்னும் கூட்டிப் பயிற்சி கொடுக்கப் போகிறேன் என்றான். பார்த்துச் செய் என்று மட்டும் சொன்னேன்.

பதினைந்து வயதில் உன் கீழ்க்கால் எலும்பில் வெடிப்பு விழுந்தது. வளருகிற எலும்பு தாங்கக்கூடியதை விட அதிகம் ஓட விட்டிருக்கிறீர்கள் என்று வைத்தியர் சொன்னாராம். ஆறு மாதம் ஓடவில்லை. பிறகு பதினாறு வயதில், ஒரு ஜூலை மாதம், நீயே ரெலிபோன் எடுத்தாய். பெரியப்பா, 12.09, நான் திரும்பப் பிடிச்சிட்டன் என்று கத்தினாய். பிடித்தது நீ ஒருபோதும் ஓடாத ஒன்றை. நல்லது மகள் என்றேன்.

அதற்குப் பிறகு உன்னுடைய எல்லா ஓட்டத்தையும் கொப்பியில் எழுதி வந்தேன். பத்தொன்பது வயதில் பிரித்தானிய அணியின் சீருடை. உன் மிகச் சிறந்த நேரம் 11.41. தனி ஓட்டத்தில் இறுதிச் சுற்று கிடைக்கவே இல்லை. அஞ்சலோட்டத்தில் ஆரம்பச் சுற்று மட்டும் நீ ஓட, இறுதியில் உன் இடத்தில் வேறொருத்தி ஓடினாள்; வெண்கலம் உனக்கும் தந்தார்கள். இடையில் அதே எலும்பு இன்னும் மூன்று தரம். காலுக்குள்ள ஆணி வைச்சிருக்கினம், ஏர்போட்டில மணி அடிக்கும் பெரியப்பா என்று பகிடி விட்டாய். ஒவ்வொரு தரமும் இன்று சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன்.

என்மேலே எனக்கே நம்பிக்கை குறைவு என்பது உனக்குத் தெரியும். நான் நினைப்பது சரிதானா என்று போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பொடியன் சிறியைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அவன் நூறு மீற்றருக்கு அப்பால் நின்று பலகை அடித்தான். அடிப்பதைக் கண்டதும் அழுத்தி, சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். இருபது தரம். அங்கிள், இந்த வயசில ஆரோட போட்டி என்று கேட்டான். சராசரி தசம் இரண்டு ஒன்பது செக்கன். திரும்பி வரும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

பெரியம்மாவுக்கு நான் இதை எழுதுவதில் விருப்பமில்லை. அந்தப் பிள்ளை சந்தோசமாச் சொல்ல ஒரு கதை இருக்கு, அதையும் பறிக்கப் போறியளோ என்று கேட்டாள். அவள் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் பிரியாவிடையில் எல்லோரும் அந்தக் கடிகாரத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். உன் அப்பா அந்த முட்டைக் கதையைச் சொல்வான். நீ வலிக்கிற காலோடு பக்கத்தில் நின்று சிரிப்பாய். அதை நினைத்தால்தான் என்னால் முடியவில்லை.

எலும்பு வெடித்தது என்னாலா, எப்படியும் வெடித்திருக்குமா என்று என்னால் கணக்கிட முடியவில்லை. 12.44-உம் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நல்ல வேகம். அதை அன்றைக்கே உனக்குச் சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும். மேசையில் வைப்பதா, அப்பாவுக்குச் சொல்வதா, இரண்டும் உன் விருப்பம். நீ சொன்னால் அவன் என்னோடு கோபிப்பான். கோபிக்கட்டும்.

பற்றரியோடு பார்சல் எடுக்க முடியாது என்று தபால் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். கழற்றிவிட்டுத்தான் அனுப்புகிறேன். புதிதாகப் போட வேண்டும் என்று இல்லை.

கால் நோகாமல் நட மகள். பஸ் போனால் போகட்டும், அடுத்ததில் ஏறு. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு தரம் ரெலிபோன் எடு. பேச விருப்பமில்லாவிட்டால் பெரியம்மாவோடு பேசு. நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்,
பெரியப்பா
அரியரத்தினம்