நாலாவது பெட்டி

இன்று காலை மேனேஜர் கூப்பிட்டாரென்று ஆபீசுக்குப் போனேன். உன் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியிருந்தார். படத்துக்குக் கீழே உன் மொழிபெயர்ப்புக் கருவி. நான் போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன், நண்பா.

நம் பனியன் கம்பெனியில் பேசும் தமிழ், இந்தி, ஒடியா என்று ஒவ்வொன்றையும் மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டிருப்பதைவிட, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழி வைப்போம் என்றாய். யார் பேசினாலும் பேச்சு முதலில் அந்த நடுமொழியில் அர்த்தத்துக்கு ஒன்றாக வைத்த பெட்டிகளில் விழும். அங்கிருந்து வேறு மொழியாக வெளியே வரும். நல்லூர் தையல் யூனிட்டில் பேசுவதைப் பொறுக்கி வருவது என் வேலை, பெட்டி செய்வது உன் வேலை.

ஞாயிற்றுக்கிழமையில்தான் இடறினோம். அன்றைக்கு வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டால் தையல் பெண்கள், "ஆகட்டுங்க, பாக்கலாமுங்க" என்பார்கள். வரமாட்டார்கள் என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே மறுப்பது இங்கே மரியாதையில்லை. நம்மிடம் இருந்ததோ சம்மதம், மறுப்பு, தெரியாது என்ற மூன்றே பெட்டிகள். மரியாதைக்காக வாய்விட்டுச் சொல்லாத மறுப்புக்கு நீ நாலாவதாக ஒரு பெட்டி செய்தாய்.

"ஒரு பெட்டி கூடுனா எல்லா மொழியிலயும் வேலை கூடும். சம்மதத்துலயே போட்டுரு கண்ணு" என்றார் மேனேஜர்.

"அது பொய்யுங்க" என்றாய். அடுத்த மாதமே நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. உன் காரியம் முடிவதற்குள் நாலாவது பெட்டியை எடுத்துவிட்டார்கள்.

நேற்று, நம் துணியை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள், யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறோமா என்று பார்க்க வந்தார். ஞாயிறு வேலைக்குச் சம்மதமா என்று கருவி வழியாகத் தையல்காரி சரசுவிடம் கேட்டார். அவள் மகள் அவிநாசியில் ஹாஸ்டலில் இருக்கிறாள், ஞாயிறு மட்டும்தான் பார்க்க விடுவார்கள். "ஆகட்டுங்க, பாக்கலாமுங்க" என்றாள் சரசு. மனமாரச் சம்மதம் என்றது கருவி, ஆங்கிலத்தில். பக்கத்தில் மேனேஜர் தலையாட்டிக்கொண்டு நின்றார். இதே மண்ணில் பிறந்த மனுஷன். காறித் துப்பலாம் போல இருந்தது. கருவியை என் பக்கம் இழுத்து, "இந்தம்மா வரமாட்டேங்கறாங்க" என்றேன். அதை ஒழுங்காகவே சொன்னது. வந்தவர் சரசுவைப் பார்த்தார். அவள் ஆமென்று தலையசைத்தாள்.

என்னைச் சரிக்கட்டத்தான் இன்றைய ஊதுபத்தி. "உன்ற சிநேகிதன் சீட்டுல இனி நீயே உக்காரு கண்ணு. அந்தப் பதில் மட்டும் சம்மதத்துலயே இருக்கட்டும்" என்றார் மேனேஜர்.

உன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "ஆகட்டுங்க, பாக்கலாமுங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. எந்தப் பெட்டியும் இல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.