உறவு என்ற கட்டம்

லிமா, மார்ச் 4, திங்கள்

அன்புள்ள எதில்பெர்த்தோ,

பிரிந்து நாலு வருஷம் கழித்து இவள் எதற்கு எழுதுகிறாள் என்று முறைக்காதே. வெங்காய விவசாயிகளுக்காகத் தண்ணீர் வழக்குப் போட்டிருக்கிறாயே, அந்தச் சுரங்கக் கம்பெனி இப்போது எங்கள் கட்சிக்காரர்.

எங்கள் சட்ட நிறுவனத்தின் லண்டன் தலைமையக வழக்கம் உனக்குத் தெரியும். வழக்கை எடுக்குமுன் எதிர்த்தரப்பில் யாரைத் தெரியும், என்ன உறவு என்று படிவத்தில் எழுத வேண்டும். 'கணவர்' என்று எழுதினால் இந்த வழக்கைத் தொட முடியாது, கிடைக்கவிருக்கும் பங்குதாரர் பதவியும் போய்விடும். விவாகரத்துத் தாள் உள்ளே இருக்கிறது. நீ கையெழுத்திட்டால் 'உறவு முறிந்தது' என்று எழுதிவிடுவேன். வெள்ளிக்குள் வேண்டும்.

"கட்சிக்காரர் நம்பிக்கைதாம்மா நமக்குக் கோயில். வீட்டை வாசல்லயே விட்டுட்டு வா" என்கிறார் எங்கள் தலைவர் தோன் ஃபவுஸ்தினோ.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

கிரிசெல்தா

அரெக்கிப்பா, மார்ச் 7

கிரிசெல்தா கண்ணே,

(கண்ணே என்று எழுதக் கூடாதோ? பழக்கம்.)

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டு மார்சியானா, "என்னய்யா, பொண்டாட்டி வர்றாளா?" என்றாள். "வர்றா, வர்றா" என்று சொல்லித் தொலைத்தேன். மேலே வந்து பிரித்த பிறகுதான் தாளைப் பார்த்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினோரு வருஷம் உழைத்திருக்கிறாய், குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் உன்னை நினைக்காமல் ஒரு நாளும் போனதில்லை. மிளகாய் வதக்கும்போது "தீயைக் குறைய்யா!" என்று அதட்ட ஆளில்லாமல் எனக்கு எதுவும் ருசிக்கவில்லை.

கோர்ட்டில் மட்டும் உன்னைச் சும்மா விடமாட்டேன், ஜாக்கிரதை.

எதில்பெர்த்தோ

லிமா, மார்ச் 11

என் எதில்பெர்த்தோ,

மடையா! உன் கடிதம் இன்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை தபாலில் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட மறுத்துவிட்டாய் என்றே நினைத்தேன். கோபம் வரவில்லையடா, சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே 'கணவர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தோன் ஃபவுஸ்தினோ தலையில் கைவைத்துக்கொண்டார். "புருஷன்னு எழுதிட்ட. இனி வழக்கு முடியிற வரைக்கும் அவரோட ஒரு பேச்சு, ஒரு வரி கூடாது. கட்சிக்காரர் நம்மள நம்பணுமா இல்லையா?" கடைசியாக ஒரே ஒரு கடிதம் எழுத அனுமதி கேட்டு, வாக்குறுதியில் கையெழுத்திட்டேன். வேலையை விட்டாலும் அது என்னைக் கட்டுப்படுத்தும். இந்த மாதிரி வழக்கு ஆறேழு வருஷம் இழுக்கும் என்பது நம் இருவருக்குமே தெரியும்.

எனக்காக நீ வழக்கை விட்டுவிடாதே. அந்த ஜனங்களுக்கு உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? விட்டாயோ, உன் முகத்தில் விழிக்கமாட்டேன்.

உறையை ஒட்டுமுன் இதை அவர் படிப்பார். படிக்கட்டும். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை.

நீ அனுப்பிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பதில் எழுதாதே.

உன் மனைவி,
கிரிசெல்தா